இரண்டு கோபுரங்களுக்குத் தேதி சொன்னவள்

எங்கள் ஊரில் ராக்கெட் என்றைக்குப் போகும் என்று தெரிந்துகொள்ள யாரும் செய்தித்தாளைப் புரட்ட மாட்டார்கள். என் தங்கச்சியைத்தான் தேடி வருவார்கள். ஏவுதள அலுவலகத்தில் அவள் ஃபோன் முன்னால் உட்கார்ந்திருந்த காலம் முழுவதும் அவளுக்குத் தேதியம்மா என்றுதான் பெயர். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவதற்கு முன்னால் லாட்ஜ்காரர் அவளைக் கேட்பார். கடலுக்குள் போகலாமா என்று படகுக்காரர்கள் கேட்பார்கள். ஜன்னல் எல்லாம் அதிருமே, பரீட்சையை வைக்கலாமா வேண்டாமா என்று பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்பார். காய்கறி வாங்கப் போனால்கூடக் கடைக்காரன் தராசைப் பிடித்துக்கொண்டே, "என்னம்மா, இந்த வாரம் உண்டா?" என்பான்.

"உனக்கு எதுக்குடா? நீ அதுல ஏறிப் போகப் போறியா? முதல்ல தராசை நேராப் பிடி" என்பாள்.

அவளைப் பற்றி எழுதப் படித்தவர் யாராவது முன்வந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். ஒருவரும் வரவில்லை. பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே விட்டது, நானும் அதை விட்டேன். லாரி கழுவினேன், லாரி ஓட்டினேன், லாரி வாங்கினேன். கடைசியில் இந்தக் கடற்கரையிலேயே உயரமான கிரேனை வாங்கி நிறுத்தினேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ராக்கெட் முழுசாக வருகிற சாமான் இல்லை. துண்டு துண்டாக வரும். அதைக் கோபுரத்தின் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூக்கி நிறுத்துவது என் கிரேன். கோளாறு என்றால் மறுபடி இறக்குவதும் என் கிரேன். கணக்குப் போட அங்கே எத்தனையோ பேர். தூக்க நான் ஒருத்தன். தங்கச்சி கதைக்குள் இந்தக் கிரேன் வரும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அவளை முதலில் என் லாரி ஷெட்டில்தான் ஃபோன் எடுக்க உட்கார வைத்தேன். அவள் குரல் அப்படி. "ஹலோ" என்றால் அந்தப் பக்கம் சாய்ந்து கிடப்பவன் நிமிர்ந்துவிடுவான். சரக்கு எங்கே என்று கேட்டால் டிரைவர், "கிளம்பிட்டேங்க" என்பான்.

"கிளம்பிட்டியா, இல்ல கிளம்பலாமான்னு யோசிச்சிட்டு இருக்கியா?"

அந்தப் பக்கம் செருப்பைத் தேடும் சத்தம் கேட்கும். ஒருவன் மூச்சு விடுகிற விதத்திலேயே அவன் சொல்வது மெய்யா பொய்யா என்று சொல்லிவிடுவாள். அந்த விஷயத்தில் அவளுக்கு அடக்கம் கிடையாது. "என் காதுக்கு யாரும் ரீல் விட முடியாது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். குடும்ப வழக்கம், என்ன செய்வது.

ஏமாந்தது ஒரே ஒரு இடத்தில். கப்பலுக்கு வேலைக்குப் போன அவள் புருஷன் கப்பலோடே போய்விட்டார். செத்தாரா என்று கேட்காதீர்கள். நன்றாகவே இருக்கிறார், வேறொரு துறைமுகத்தில், வேறொரு வீட்டில். "ஃபோன்ல பேசியிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்ணே, அவரு கடுதாசி போட்டுல்ல ஏமாத்திட்டாரு" என்று அதையும் ஒரு சிரிப்பாகவே சொன்னாள். கைக்குழந்தையோடு மறுபடி ஃபோன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

ஊருக்கு ஏவுதளம் வந்ததும் அங்கே நல்ல குரலோடு ஆள் தேடினார்கள். நான் போய்ச் சொன்னேன். நான் சொன்னதால்தான் வேலை கிடைத்தது என்று அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கிடைத்தது. அதுவரை உண்மை.

இங்கே தளத்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கரையில் இரண்டு கோபுரங்கள், இரண்டு தனியார் கம்பெனிகளுக்கு. கிழக்குக் கோபுரம் ஒருவருக்கு, மேற்குக் கோபுரம் இன்னொருவருக்கு. ஆனால் கடல் ஒன்று, வானம் ஒன்று, காவல் படகுகளும் ரேடாரும் ஒரே செட். ஒரு நேரத்தில் ஒருவர்தான் விட முடியும். அதனால் வரிசை. என் தங்கச்சி தினமும் காலையில் இரண்டு கம்பெனிக்கும் ஃபோன் போடுவாள். கேள்வி ஒன்றே ஒன்று: "தயாரா?" பதிலும் ஒரு சொல்தான். "தயார்" என்றால் வரிசையில் அவர் இடம் அப்படியே இருக்கும். "தயாரில்லை" என்றால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். அடுத்தவர் முன்னே வருவார். செயற்கைக்கோள் கொடுத்த வாடிக்கையாளரும், தாமதம் உன்னால்தான் என்று கைகழுவிவிட்டு அடுத்தவரிடம் போய்விடலாம்.

ஆகவே யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். உள்ளே எஞ்சின் பிரித்துக் கிடந்தாலும் "தயார்" என்பார்கள். எதிராளி முதலில் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். அவன் திறந்துவிட்டால் தங்கள் தாமதம் அவன் தாமதத்துக்கு அடியில் மறைந்துவிடும். சாவகாசமாக வேலையை முடித்துக்கொள்ளலாம். சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது இரண்டு பேர் ஒரே மூலையில் பதுங்கினால் எவன் முதலில் இருமுகிறானோ அவன் மாட்டுவான் இல்லையா? அதேதான். ஊரில் இதற்கு இருமல் என்றே பெயர் விழுந்துவிட்டது.

"இந்தத் தடவை யாரு இருமுவான் தேதியம்மா?" என்பார் டீக்கடைக்காரர்.

"நீதான் இருமிட்டே இருக்க. பீடியை விடு."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. கிழக்கின் விஷயத்தை மேற்கிடமும், மேற்கின் விஷயத்தைக் கிழக்கிடமும் அவள் சொன்னதே இல்லை. இரண்டு கம்பெனியும் நம்பிய ஒரே நாற்காலி அவளுடையது. என்னிடம்கூடச் சொல்ல மாட்டாள். எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. யாராவது ராக்கெட்டை இறக்க வேண்டுமானால் என் கிரேனைத்தானே கூப்பிட வேண்டும்? என் கிரேன் ஷெட்டை விட்டு நகர்ந்தால் முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒரு போலீஸ் ஜீப். எருமை நடப்பதுபோல் நடக்கும். ஊரே பார்க்கும். கிரேன் எந்தக் கேட்டுக்குப் போகிறதோ அந்தக் கம்பெனி இருமிவிட்டது என்று அர்த்தம்.

அந்த வருஷம் ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்தார். சின்னச் சின்னச் செயற்கைக்கோள்கள், பெட்டி பெட்டியாக. இரண்டு கம்பெனிக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்து, யார் முதலில் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறாரோ அவருக்கே மிச்சம் எல்லாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் யாரும் சரியாகச் சிரிக்கவில்லை. கோபுர வேலைக்குப் போகிறவர்கள் டீக்கடையில் கூட ஒன்றாக உட்காரமாட்டார்கள். கிழக்குக்காரர்களுக்கு உள்பெஞ்சு, மேற்குக்காரர்களுக்கு வெளிபெஞ்சு. நடுவில் வந்து உட்காருகிறவனை இரண்டு பக்கமும் உளவாளி மாதிரிப் பார்க்கும்.

தங்கச்சி மகள் கிழக்குக் கோபுரத்தில் வேலை பார்த்தாள். என் மருமகள். நிலைப்படியில் குனிந்துதான் வீட்டுக்குள் வருவாள், அவ்வளவு உயரம். ஊரில் ஏணி என்பார்கள். ராக்கெட்டுக்குத் திரவ ஆக்சிஜன் நிரப்புகிற குழாயை இணைப்பதும் பிரிப்பதும் அவள் வேலை. அந்த ஆக்சிஜன் பயங்கரக் குளிர்ச்சி. அது ஒழுகுகிற இடத்தில் துளி எண்ணெய் பட்டாலும் தீப்பிடிக்கும். அதனால் அந்த வேலைக்குப் போனதிலிருந்து அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டாள். "வைக்கோல் போர் மாதிரி இருக்குடி தலை" என்று தாய் திட்டாத நாள் கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் நான் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏணி வந்தாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. தோல் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது.

"என்னடி இது?"

"குளிர் சுட்டுடுச்சும்மா. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி துணி?"

ஏணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "குழாய் சேர்ற இடத்துல ஒழுகுது மாமா. சும்மா இருக்கிறப்ப ஒழுகாது. நிரப்பிக் குளிர்ந்தாத்தான் ஒழுகும். அதனால நிரப்பினப்புறம் நாங்க மேல போய் முறுக்கணும்."

"நிரம்பின ராக்கெட் பக்கத்துலயா?"

"ஆமா."

தங்கச்சி கரண்டியைக் கீழே வைத்தாள். "இறக்கிச் சரி பண்ண வேண்டியதுதானே?"

"இறக்கணும்னா மாமா கிரேன் வரணும். கிரேன் வந்தா மேற்குக்காரன் பார்ப்பான். எங்க இடத்தை அவன் எடுத்துக்குவான். எங்க மேனேஜர் சொல்லிட்டாரு, மேற்கு இருமுற வரைக்கும் எங்க கோபுரத்துல யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு."

தங்கச்சி முகம் போன போக்கை நான் பார்த்தேன். மேற்கும் தயாரில்லை என்பது அவளுக்குத் தெரியும்; எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. நிரப்பி ஒத்திகை பார்க்காமல் யாரும் விடக் கூடாது; ஒத்திகைக்கு அவளிடம்தான் நேரம் கேட்க வேண்டும். மேற்கு கேட்டது, ரத்து செய்தது, மறுபடி கேட்டது, மறுபடி ரத்து செய்தது. ஒரு முறைகூட நிரப்பவில்லை. காலையில் ஃபோனில் மட்டும் மேற்கு மேனேஜர், "தயார்மா, தயார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கிழக்குக்கு இது தெரிந்திருந்தால் நிம்மதியாக இருமியிருப்பார்கள். ஏணி கீழே இறங்கியிருப்பாள். ஆனால் அதைக் கிழக்குக்குச் சொல்லக் கூடாத ஒரே ஆள் என் தங்கச்சி.

மறுநாள் அவள் என் ஷெட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, கிரேன் சும்மாத்தானே நிக்குது?"

"என் கிரேன் சும்மா நிக்காது. ஓய்வெடுக்குது."

"அதை மேற்கு கேட் வரைக்கும் ஒரு நடை ஓட்டிட்டு வா."

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல."

நான் அவளையே பார்த்தேன். அவள் கண்ணைத் திருப்பவில்லை. எனக்குப் புரிந்தது. கிரேன் மேற்கு கேட்டில் நின்றால் மேற்கு தன் ராக்கெட்டை இறக்கப் போகிறது என்று கிழக்கு நினைக்கும். தைரியமாக இருமும்.

"கூப்பிடாம என் கிரேன் எங்கயும் போனதில்லைம்மா. ஊருக்கே தெரியும்."

"அதனாலதான்ணே நம்புவாங்க."

பிரேக் பார்த்து வருகிறோம் என்று போலீஸுக்குச் சொல்லி, நானே ஆபரேட்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். நல்ல வெயில். சாலை ஓரத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். டீக்கடை உள்பெஞ்சிலிருந்து ஒருவன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். "மேற்கு இருமிட்டான் டோய்!" என்று யாரோ கத்தினார்கள். மேற்கு கேட்டில் காவலாளி திகைத்துப்போய், "எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றான். "எனக்கும் சொல்லல, பிரேக் பிடிக்குதான்னு பார்க்கிறேன்" என்று அங்கேயே நிறுத்தி, இறங்கி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். யாரும் குறை சொல்ல முடியாத மாதிரி பிரேக்கைப் பார்த்தேன்.

கிரேனைத் திருப்புவதற்குள் எனக்கு ஃபோன் வந்துவிட்டது. கிழக்கு மேனேஜர். எப்போதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பவர். ஊரில் கைக்குட்டை என்பார்கள். "பெரியவரே, அங்க வேலை முடிஞ்சதும் நேரா எங்ககிட்ட வாங்க. இறக்கணும்." அவர் தளத்துக்கும் சொல்லிவிட்டார்: கிழக்கு தயாரில்லை. தங்கச்சி போட்ட கணக்கு பலித்தது என்று நினைத்தேன். என் கணக்கு என்றும் சொல்லலாம், கிரேன் என்னுடையதுதானே.

ஆனால் கிழக்கு இருமினால் அந்த இடத்தை மேற்குக்குக் கொடுக்க வேண்டும். அது வழக்கம். மேற்கு தயாரில்லை என்பது தெரிந்ததுதான். அவர்களும் இருமிவிடுவார்கள், அந்தத் தேதியே காலியாகப் போய்விடும், இரண்டு பக்கமும் நிதானமாக வேலையைப் பார்ப்பார்கள் என்று தங்கச்சி எண்ணியிருந்தாள். மேற்கைக் கூப்பிட்டாள்.

"கிழக்கு விலகிட்டாங்க. இடம் உங்களுக்கு. தயாரா?"

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லையாம். அதுதான் முதல்முறை. கொஞ்ச நேரம் வெறும் மூச்சு. பிறகு, "தயார்."

"நான் கேட்டது புரிஞ்சுதா சார்? தயாரா?"

"தயார்னு சொன்னேனேம்மா."

"சார், தயாரா?"

"என்னம்மா, காது கேக்கலையா? தயார்."

ஆக்சிஜன் டேங்கர்களை உள்ளே விட அனுமதிச் சீட்டு கேட்டு அவர்கள் ஆள் அப்போதே ஓடிவந்துவிட்டானாம். பரிசு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. இனி அவர்கள் இருமுவார்களா? தங்கச்சி அன்றைக்கு வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். "அந்தக் கோபுரத்துல யாரு வேலை பார்க்கிறாங்கண்ணே?" என்று கேட்டாள். எனக்கு ஓரிருவரைத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். "வேணாம், சொல்லாத" என்றாள்.

விடுகிற நாள் வந்தது. என் கிரேன் கிழக்குக் கோபுரத்தின் அடியில் நின்றது. நியாயமாக அதற்குள் ராக்கெட்டின் மேல் துண்டு தரையில் படுத்திருக்க வேண்டும். ஆனால் கைக்குட்டை கொக்கியை மாட்ட விடவில்லை.

"உங்க கிரேன் அன்னிக்கு மேற்குக்கு எதுக்குப் போச்சு பெரியவரே?"

"பிரேக் பார்க்க."

"பார்த்தீங்களா?"

"நல்லாவே பிடிக்குது தம்பி."

அவர் கழுத்தைத் துடைத்தார். "அப்ப இப்படியே பிடிச்சு நிறுத்துங்க. கொக்கி வேணாம். மேற்கு இன்னும் இருமலாம். அவன் இருமினா இடம் மறுபடி எங்களுக்குத்தான். டேங்க் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகப் போகுது?"

அவர் சொன்னது நிஜம். அடுத்த இடத்தில் இருப்பவர் கடைசிவரை காத்திருந்து, முன்னால் இருப்பவர் விலகினால் உடனே ஏறிக்கொள்ளலாம். ஏணியையும் அவள் கூட்டாளிகளையும் கையுறையோடு கோபுரத்தடியில் நிற்க வைத்திருந்தார்கள். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். எண்ணெய் காணாத தலை காற்றில் பறந்தது.

"கை எப்படி இருக்கு?"

"மரத்துப்போச்சு மாமா. அதான் நல்லது, வலிக்காது."

மேற்கே பார்த்தோம். அங்கே டேங்க் நிரம்ப ஆரம்பித்துவிட்டது. கோபுரத்தின் இடுப்பிலிருந்து வெள்ளையாகப் புகை போல் இறங்கி, காற்றில் கலையாமல் தரையோடு தவழ்ந்தது. அது புகை இல்லை, குளிர். நிரப்பும்போது கோபுரத்தில் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த வெள்ளைக்கு மேலே மஞ்சள் ஹெல்மெட்டுகள் அசைந்தன. ஒரு மஞ்சள் மேலே ஏறியது, இன்னொன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து எதையோ செய்தது. ஏதோ வேலை இன்னும் முடியவில்லை, முடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இறங்குங்கடா" என்று ஏணி மெல்லச் சொன்னாள். "ஐயோ, இறங்குங்கடா."

கைக்குட்டையும் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. மேற்கு விதியை மீறுகிறது என்று அவர் சொன்னால், உங்கள் குழாய் எப்படி என்று திருப்பிக் கேட்பார்கள்.

கடைசிக் கேள்வி எப்போதும் பொது லைனில்தான் கேட்கப்படும். இரண்டு கோபுரத்து ஒலிபெருக்கியிலும், காவல் படகிலும், போலீஸ் ஜீப்பிலும், வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி அறையிலும் ஒரே நேரத்தில் கேட்கும். என் தங்கச்சியின் குரல் வந்தது. "கடல்?" "காலி." "வானம்?" "காலி." "காற்று?" "சரி." ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அடுத்து, மேற்குக் கோபுரம் தயாரா என்று கேட்க வேண்டும்.

கேட்கவில்லை. ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. அவள் இப்போது மேற்கை மட்டும் நிறுத்தினால் இடம் கிழக்குக்கு வரும். ஏணி கையுறையோடு மேலே ஏறுவாள். பேசாமல் கேள்வியைக் கேட்டுவிட்டால் அந்த மஞ்சள் ஹெல்மெட்டுகள் என்ன ஆகும்? இரண்டையும் நிறுத்த வேண்டுமானால் கிழக்கின் ஒழுகலையும் சொல்ல வேண்டும். அதை அவளுக்கு யார் சொன்னது என்று கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"மேற்குக் கோபுரம் தயாரில்லை" என்றாள். கேள்வி இல்லை. அவளே சொன்னாள். "ஒத்திகை ஒரு தடவைகூட நடக்கல. இப்ப மேல ஆள் இருக்காங்க, எனக்கு ஜன்னல்ல தெரியுது. கிழக்குக் கோபுரமும் தயாரில்லை. ஆக்சிஜன் குழாய் ஒழுகுது. என் பொண்ணு கையாலதான் அதை முறுக்கிட்டு இருக்காங்க. கிரேனை மேற்குக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான். ரெண்டு பேருக்கும் வாய் வராது. அதனால நான் இருமிட்டேன்."

ஒலிபெருக்கி பட்டென்று நின்றது. யாரோ பிடுங்கியிருக்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் கேட்டாகிவிட்டது, போலீஸ் கேட்டாகிவிட்டது, படகுகளில் இருந்தவர்கள் கேட்டாகிவிட்டது. தள அதிகாரி விரும்பினாலும் கேட்காதது மாதிரி இருக்க முடியாது. சைரன் ஊதியது. மேற்கே வெள்ளை மெல்லக் குறைந்தது. மஞ்சள் ஹெல்மெட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. எனக்கு மார்பு விம்மியது, ஒளிக்காமல் சொல்கிறேன். இது என் தங்கச்சி, என் ஷெட்டில் பேசிப் பழகிய குரல் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஏணி கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"அம்மா என்னையும் சொல்லிட்டாங்க இல்ல மாமா?"

"சொல்லிட்டாம்மா."

"நான் வீட்டுல சோறு சாப்பிடறப்ப சொன்னது" என்றாள். கைக்குட்டை அவள் பக்கம் திரும்பாமலே கேட்டை நோக்கிக் கையைக் காட்டினார்.

அன்றே தங்கச்சிக்கு நாற்காலி போயிற்று. ஏணிக்கு வேலை போயிற்று. என் கிரேனை இரண்டு கம்பெனியும் இனிக் கூப்பிடுவதில்லை. எங்கிருந்தோ வேறொன்று கொண்டுவந்தார்கள். போய்ப் பார்த்தேன். என்னுடையதை விடக் குட்டை. பொய் ஓட்டம் ஓட்டியவன் என்று என்னை ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆமாம், ஓட்டினேன், இன்னொரு தடவை கேட்டாலும் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தளம் கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது. பிறகு திறந்தார்கள். மேற்கு விட்டது, நேராகப் போயிற்று. கிழக்கும் விட்டது, அதுவும் போயிற்று. ஊர் அப்படியே திரும்பிக்கொண்டது. "ஒண்ணும் ஆகலையே! சும்மா கிடந்த ஊரைக் கலக்கிட்டா" என்று அதே டீக்கடையில் பேசினார்கள். லாட்ஜ்காரர் எதிரே வந்தால் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார். தராசுக்காரன் மட்டும் ஒரு நாள் பையை நீட்டும்போது தலையைக் குனிந்துகொண்டே, "என் மச்சான் அன்னிக்கு மேற்குக் கோபுரத்துல இருந்தான்மா" என்றான். அவள் காய்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது தளத்தில் யாரும் யாரையும் ஃபோனில் கேட்பதில்லை. ஆளுக்கு ஒரு பித்தான் கொடுத்துவிட்டார்கள். தயார் என்றால் பச்சையை அழுத்த வேண்டும். பித்தானுக்கு மூச்சு கிடையாது, தடுமாற்றம் கிடையாது. பெரிய கேட்டில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். தேதி அதில் தானாக வருகிறது. அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்றும், முன்னதை விடப் பெரியவர் என்றும், தேதிகளை இன்னும் நெருக்கிவிட்டார்கள் என்றும் பேசிக்கொள்கிறார்கள். பலகையில் இரண்டு கோபுரத்துக்கும் எப்போதும் பச்சை.

ஏணி ஆறு மாதம் தாயோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, மேற்குக் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன் என்றாள். அவர்களுக்கு ஆள் பற்றவில்லையாம். பழையதைப் பேசாதே என்று எடுத்துக்கொண்டார்களாம். குழாய் வேலைதான். "எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதானேம்மா" என்றாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கோபுரத்தில் என்ன நடக்கிறது என்று தாய் கேட்கக் கூடாது, அவளும் சொல்ல மாட்டாள். தங்கச்சி சரி என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சாப்பாட்டில் உப்பு, வீட்டுக்கூரை, பக்கத்து வீட்டு நாய் என்று பேசுகிறார்கள். மகள் கையில் துணி இருந்தால் தாய் வேறு பக்கம் பார்க்கிறாள்.

தங்கச்சி மறுபடி என் ஷெட்டில் ஃபோன் எடுக்கிறாள். போன வாரம் ஒரு காலை. பலகையில் என்ன தேதி என்று அவள் பார்ப்பதில்லை, நானும் சொல்வதில்லை. ஆனால் ஊர் அமைதியாகிவிட்டால் தெரிந்துவிடுகிறது. படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. சாலையில் வண்டி இல்லை. மரங்களுக்கு மேலே மேற்கில் அந்த வெள்ளை தெரிந்தது. ஏணி விடியும்போதே கிளம்பிப் போயிருந்தாள்.

தங்கச்சி ஃபோனைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, கிரேன் எஞ்சினைப் போடு."

"எதுக்கு? வேலை இல்லையே."

"போடுண்ணே. சத்தமா ஓடட்டும்."

ஏறிப் போட்டேன். ஷெட் முழுக்க இரைந்தது. தகரம் தடதடத்தது, மேஜைமேல் இருந்த தம்ளர் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. அவள் கதவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து வேறொரு அதிர்வு ஏறி வந்தது. அது என் எஞ்சின் இல்லை. மெக்கானிக், ஆபரேட்டர், வெல்டர் எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தார்கள். நான் கிரேனில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தேன். அவள் நாற்காலியை மறுபடி வாசல் பக்கம் திருப்பிவிட்டாள். வானத்தைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களை, கண் இமைக்காமல், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.